மெட்டல் இசையின் உட்பிரிவுப் பெயர்களும் தமிழ் வகைமைக் கோட்பாடும்: ‘வேத மெட்டல்’ என்னும் பெயரை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மெட்டல் இசை 1970 தொடங்கிப் பல உட்பிரிவுகளாகக் கிளைத்துள்ளது. ஓர் இசைக்குழு எந்த உட்பிரிவைச் சார்ந்தது என்னும் வினா ரசிகரிடையே, குறிப்பாக நேரடி நிகழ்ச்சி ஒன்று அறிவிக்கப்பட்ட காலத்தில், தீராத வாதமாக எழுவது வழக்கம். இவ்வாதத்தை வீண்பூசல் என ஒதுக்காமல், வகைமைப் பெயரிடல் குறித்த கோட்பாட்டுச் சிக்கலாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. சிங்கப்பூரில் தோன்றிய ருத்ரா என்னும் இசைக்குழு தன் இசைக்கு இட்டுக்கொண்ட ‘வேத மெட்டல்’ என்னும் பெயர் முதன்மைச் சான்றாகிறது. நன்னூலின் பெயர்ப் பாகுபாடும், பாட்டியல் மரபும், தத்துவராயரின் பரணி நூல்களும் ஒப்பீட்டுக் கருவிகளாகின்றன. ஒலியை வைத்து இடப்பட்ட பெயரும் பொருளை வைத்து இடப்பட்ட பெயரும் ஒரே தளத்தில் வைத்து எண்ணப்படுவதே வாதத்தின் வேர் என்பதும், பெயரை இடும் உரிமை யாருடையது என்பதே அதன் பயன் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச் சொற்கள்: வகைமை, பாட்டியல், பரணி, மெட்டல் இசை, வேத மெட்டல், காரணப்பெயர், பறை.

முன்னுரை

தமிழில் வகைமை ஆய்வு பெரும்பாலும் எழுத்திலக்கியத்தையே களமாகக் கொண்டு வந்துள்ளது. தொல்காப்பியத்தின் எண்வகை வனப்பும், பாட்டியல் நூல்களின் சிற்றிலக்கிய இலக்கணமும், புதினம், சிறுகதை போன்ற புது வடிவங்களுக்கான வரையறையும் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. மாறாக, நிகழ்த்து இசையின் வகைமைகள் எவ்வாறு பெயர் பெறுகின்றன, அப்பெயர்கள் கேட்போரை எவ்வாறு பிரிக்கின்றன, இணைக்கின்றன என்பன குறைவாகவே ஆராயப்பட்டுள்ளன.

மெட்டல் இசை இவ்வினாவிற்கு ஏற்ற களமாகிறது. அரை நூற்றாண்டுக் காலத்தில் அது ஈன்ற உட்பிரிவுப் பெயர்களின் பெருக்கம், வீரமாமுனிவரின் சதுரகராதி தொகுத்துரைக்கும் தொண்ணூற்றாறு பிரபந்தங்களை நினைவூட்டத்தக்கது. அம்மரபினுள் தமிழ்ப் பின்புலத்தார் பங்குகொண்ட ஒரு குழு புதுப்பெயர் ஒன்றையும் சேர்த்துள்ளது. எனவே இது அயல்பொருள் பற்றிய ஆய்வாக மட்டும் நின்றுவிடாது.

1. பெயர்களும் பெயர்க்காரணங்களும்

பர்மிங்காம் நகரத்துக் குழுவான பிளாக் சப்பாத் 1970 பிப்ரவரி 13 அன்று வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பிலிருந்து மெட்டல் இசையின் வரலாற்றைத் தொடங்குவது பெருவழக்கு. 1979இல் ‘சவுண்ட்ஸ்’ என்னும் பிரித்தானிய இதழ், அந்நாட்டில் எழுந்த இளங்குழுக்களைப் ‘பிரித்தானிய ஹெவி மெட்டலின் புதிய அலை’ எனப் பெயரிட்டது. இடமும் காலமும் சேர்ந்தமைந்த இப்பெயருக்குப் பின்னர் உட்பிரிவுப் பெயர்கள் விரைந்து பெருகின.

பவணந்தியார் பெயர்களை இடுகுறி, காரணம் என இரண்டாகவும், அவற்றைப் பொது, சிறப்பு என மேலும் இரண்டாகவும் பகுப்பார். மெட்டல் உட்பிரிவுப் பெயர்களில் மிகப் பல காரணப்பெயர்களே. ஆயின் காரணங்கள் ஒருதன்மையன அல்ல. தொல்காப்பியர் உரிச்சொல்லுக்குக் கூறும் இசை, குறிப்பு, பண்பு என்னும் மூன்றையும் இங்கே பொருத்திக் காணலாம். ‘ஜென்ட்’ என்பது, உள்ளங்கையால் நரம்பை அடக்கி மீட்டும்போது கித்தாரில் எழும் ஓசையைப் போலச்செய்த பெயர். இது இசைவழிப் பெயர். உறுமும் ஓசையால் ‘உறுமி’ எனப் பெயர்பெற்ற நம் தோற்கருவியை இதனோடு ஒப்புநோக்கலாம். ‘டூம் மெட்டல்’ என்பது ஊழின் கனத்தை, அழிவு நெருங்கும் உணர்வைச் சுட்டுவது. இது குறிப்புவழிப் பெயர். ‘ஸ்பீட் மெட்டல்’ விரைவு என்னும் பண்பால் வந்தது.

இம்மூன்றிலும் அடங்காத பெயர்களும் உள. ஸ்வீடன் நாட்டுக் குழுவான பாதரியோடு தொடர்புபடுத்தப்படும் ‘வைக்கிங் மெட்டல்’ பாடுபொருளால் வந்த பெயர். ‘ஃபோக் மெட்டல்’ நாட்டார் இசைக்கருவிகளையும் மெட்டுகளையும் சேர்த்துக்கொண்டதால் வந்தது. கலிபோர்னியாவின் விரிகுடாப் பகுதியைச் சுட்டும் ‘பே ஏரியா திராஷ்’ இடத்தால் வந்தது.

ஆகுபெயராய் அமைந்தனவே இவற்றுள் மிகவும் சிக்கலானவை. ‘பிளாக் மெட்டல்’ என்பது வெனம் என்னும் ஆங்கிலக் குழு 1982இல் வெளியிட்ட இசைத்தொகுப்பின் தலைப்பு. ஒரு தொகுப்பின் சிறப்புப்பெயர் பின்னர் ஓர் உட்பிரிவு முழுமைக்கும் பொதுப்பெயராயிற்று. ஆனால் 1990களின் தொடக்கத்தில் நார்வே நாட்டுக் குழுக்கள் வளர்த்தெடுத்த பிளாக் மெட்டலின் ஒலியமைப்பு, வெனம் குழுவின் ஒலியமைப்பினின்று பெரிதும் வேறுபட்டது. பெயரைத் தந்த தொகுப்பையே அப்பெயருக்குள் அடக்கலாமா என ரசிகர் வாதிடும் நிலை இதனால் உண்டாயிற்று. ‘டெத் மெட்டல்’ என்பதும் இத்தகையதே. பொசெஸ்டு என்னும் கலிபோர்னியக் குழு 1984இல் தன் மாதிரி ஒலிப்பதிவுக்கு இட்ட தலைப்பு அது. புளோரிடாவின் டெத் என்னும் குழு 1987இல் வெளியிட்ட தொகுப்பும் அவ்வுட்பிரிவின் முன்னோடியாகக் கொள்ளப்படுகிறது. எனவே அப்பெயர் தலைப்பால் வந்ததா, குழுப்பெயரால் வந்ததா, சாவைப் பாடுவதால் வந்ததா என மூவகைக் காரணமும் கூறப்படுகின்றன.

காரணம் மறைந்தபின் பெயர் இடுகுறிபோல நிற்பது மொழியின் இயல்பு. மதுரையின் மேற்குப் பகுதியில் உள்ள காளவாசல் இதற்குக் கண்கூடான சான்று. ‘காளவாசல்’ என்பது சுண்ணாம்பும் செங்கல்லும் சுடும் சூளையைக் குறிக்கும் சொல். இன்று அவ்விடத்தில் பேருந்தை விட்டு இறங்குவோர் எவரும் சூளையை எண்ணுவதில்லை. ஆயினும் பெயர் தன் பணியைக் குறைவின்றிச் செய்கிறது. சொற்பொருளின் காரணம் நோக்கிய அளவில் விளங்காது என்னும் தொல்காப்பியர் கருத்து இவ்விடத்து எண்ணத்தக்கது. பிளாக் மெட்டல் என்னும் பெயரும் இவ்வாறே தன் தோற்றுவாயை விட்டு நெடுந்தொலைவு வந்துவிட்டது. பெயரின் தோற்றத்தைக் காட்டி அதன் இன்றைய பொருளை மறுப்பவரும், இன்றைய பொருளைக் காட்டித் தோற்றத்தை மறுப்பவரும் வாதத்தின் இருபுறத்தும் நிற்கின்றனர்.

2. நிகழ்ச்சிக்கு முன் எழும் வாதம்

உட்பிரிவு பற்றிய வாதம் எக்காலத்தும் உள்ளதே எனினும், நேரடி நிகழ்ச்சியை முன்னிட்டு அது கூர்மை பெறுகிறது. அறிவிப்புச் சுவரொட்டியில் அச்சாகும் பெயர் ஒரு வாக்குறுதி. நுழைவுச்சீட்டு வாங்குவோர் அவ்வாக்குறுதியை நம்பியே பணம் செலுத்துகின்றனர். முதன்மைக் குழுவிற்கு முன் மேடையேறும் குழுக்கள் அதனோடு இயைபுடையனவா என்னும் மதிப்பீடும் பெயரின்வழியே நிகழ்கிறது. ஏற்புக் கோட்பாட்டாளர் ஹான்ஸ் ராபர்ட் யாவ்ஸ் கூறும் ‘எதிர்பார்ப்பின் எல்லை’ இங்கே ஏட்டுக் கருத்தாக இராமல் அரங்க நடைமுறையாகவே காணப்படுகிறது.

நம் ஊர்களிலும் இந்நடைமுறை உண்டு. மதுரை வட்டாரத்தில் கோயில் திருவிழாவிற்கு மேளம் பேசுவோர் நையாண்டி மேளமா, உறுமி மேளமா, செண்டை மேளமா என முதலில் உறுதிசெய்துகொண்டே அச்சாரம் கொடுப்பர். மேளத்தின் பெயர் கருவிகளின் தொகுதியை மட்டும் குறிப்பதில்லை. எந்த ஆட்டம் உடன்வரும், சாமி இறங்குமா, கூட்டம் எங்கே நிற்கும் என்பனவும் அப்பெயரில் அடங்கியுள்ளன. பெயர் ஒன்றாகவும் வந்த மேளம் வேறாகவும் இருப்பின் பூசல் எழுவது உறுதி.

மெட்டல் இசையை ஆராய்ந்த சமூகவியலாளர் டினா வைன்ஸ்டீன், 1991இல் வெளிவந்த தம் நூலில், அவ்விசைக்கு ஒலி, காட்சி, சொல் என்னும் மூன்று தளங்கள் உண்டென்பார். சிதைவொலி ஏற்றிய கித்தாரும் முழக்கமும் குரலும் ஒலித்தளத்தின. உடை, குறியீடு, மேடையமைப்பு, அட்டைப்படம் ஆகியன காட்சித்தளத்தின. பாடல் வரிகளும் குழுப்பெயரும் தலைப்புகளும் சொற்றளத்தின. இயல், இசை, நாடகம் என்னும் முப்பாகுபாட்டில் பயின்ற தமிழ் ஆய்வாளர்க்கு இது புதிதன்று. உட்பிரிவு பற்றிய வாதங்களை இம்மூன்று தளங்களில் பொருத்திப் பார்க்கின் ஓர் உண்மை புலனாகும். ஒரு குழுவைப் பற்றி ‘இது பிளாக் மெட்டலே’ என்பார் சொற்றளத்தை நோக்கியும், ‘இது டெத் மெட்டலே’ என்பார் ஒலித்தளத்தை நோக்கியும் பேசுவர். இருவரும் தத்தம் தளத்தில் சரியாகவே கூறுகின்றனர். ஆயினும் ஒரே வினாவுக்கு விடை கூறுவதாகக் கருதிக்கொள்வதால் வாதம் முடிவதில்லை.

வாதம் நீள்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. கீத் கான்-ஹாரிஸ் 2007இல் வெளியிட்ட தம் ஆய்வில், தீவிர மெட்டல் சூழலில் அறிவே ஒருவகை மூலதனமாகச் செயற்படுவதைக் காட்டுகிறார். உட்பிரிவுகளை நுண்ணிதின் வேறுபடுத்தத் தெரிந்தவர் மதிப்புப் பெறுகிறார். பாட்டியல் அறிந்த புலவர் அவையில் பெற்ற மதிப்பும் இதனோடு ஒத்ததே. எனவே வாதம் பெயரைத் தீர்மானிப்பதற்காக மட்டுமன்றி, வாதிடுவோரைத் தரப்படுத்துவதற்காகவும் நிகழ்கிறது.

3. ருத்ரா குழுவும் ‘வேத மெட்டல்’ என்னும் பெயரும்

ருத்ரா குழு சிங்கப்பூரில் 1992இல் தோன்றியது. அதன் முதல் இசைத்தொகுப்பு குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்டு 1998இல் வெளிவந்தது. தொடர்ந்து தி ஆரியன் குருசேட் (2001), குருக்ஷேத்ரா (2003), ‘பிரம்மவித்யா’ என்னும் பொதுத்தலைப்பில் அமைந்த மூன்று தொகுப்புகள் (2005, 2009, 2011), எனிமி ஆஃப் டூயாலிட்டி (2016) முதலியன வெளியாயின. பாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்து, வடமொழிச் சுலோகங்களை இடையிட்டு வருகின்றன. உபநிடதம், பகவத்கீதை, அத்வைத வேதாந்தம் ஆகியன அவற்றின் பொருட்களம். ஒலியமைப்பு டெத் மெட்டலைத் தளமாகக் கொண்டது. உறுமல் குரலும் விரைவு முழக்கமும் அதன் அடையாளங்கள். இந்திய இசைக்கருவிகளின் ஒலியும் மந்திர ஓதலும் ஆங்காங்கே இழைகின்றன.

இவ்விசையைக் குழுவினர் ‘வேத மெட்டல்’ என வழங்கினர். இப்பெயர் குறித்து யூஜின் தைரியநாதன் 2009இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, சிங்கப்பூர்த் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கலோடு அதனை இணைத்து நோக்குகிறது. இக்கட்டுரை அவ்வடையாள வினாவிலிருந்து சற்று விலகி, பெயரின் சொல்லமைப்பை நோக்குகிறது.

மெட்டல் உட்பிரிவுப் பெயர்கள் பெரும்பாலும் அடையும் தலைச்சொல்லுமாய் அமைவன. ‘சிம்பொனிக் பிளாக் மெட்டல்’ என்பதில் ‘மெட்டல்’ பெருவகை, ‘பிளாக்’ வகை, ‘சிம்பொனிக்’ அதன் அடை. தலைச்சொல் இறுதியில் நிற்கும் இவ்வமைப்புத் தமிழ்த் தொகைநிலைக்கும் இயல்பானதே. இவ்வரிசைப்படி நோக்கின் ருத்ராவின் இசை ‘வேத டெத் மெட்டல்’ எனப்பட வேண்டும். ‘வேத மெட்டல்’ என்னும்போது ஒலியைச் சுட்டும் இடைச்சீர் விலகி, பொருளைச் சுட்டும் அடை அதன் இடத்தில் வந்து அமர்கிறது. வகையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பொருளின் பெயர் இருப்பதால், ‘வேதம் என்பது ஓர் ஒலியா?’ என வினவுவார்க்கும், ‘வேதத்தைப் பாடுவதே இக்குழுவின் தனித்தன்மை’ என்பார்க்கும் இப்பெயர் ஒருங்கே இடந்தருகிறது.

பிற குழுக்களின் சான்று இதனை உறுதிசெய்கிறது. காத்மாண்டு நகரத்துக் குழுவான டையிங் அவுட் ஃபிளேம் 2014இல் ‘சிவ ருத்ராஷ்டகம்’ என்னும் தொகுப்பை வெளியிட்டது. அதன் இசை ‘வேத டெத் மெட்டல்’ என இடைச்சீரோடு குறிக்கப்படுகிறது. செக் நாட்டுக் குழுவான கல்ட் ஆஃப் ஃபயர், தேவநாகரி எழுத்தில் தலைப்பிட்ட 2013ஆம் ஆண்டுத் தொகுப்பில் இந்து சமயக் குறியீடுகளை விரிவாக எடுத்தாண்டாலும், அதன் ஒலி பிளாக் மெட்டல் ஆதலின் அவ்வுட்பிரிவிலேயே வைக்கப்படுகிறது. ஆகவே ஒத்த பொருள் வெவ்வேறு ஒலிகளில் பாடப்படலாம் என்பது தெளிவு. ‘வேத மெட்டல்’ ஒலிவகைமை அன்று, பொருள்வகைமை.

பொருட்பெயர் தாங்கிய இக்குழு, கேட்போரின் மொழிச்சூழலுக்கேற்ப வெவ்வேறாகப் பொருள்கொள்ளப்படுவதும் கருதத்தக்கது. 2001ஆம் ஆண்டுத் தொகுப்பின் தலைப்பில் உள்ள ‘ஆரிய’ என்னும் சொல் வடமொழியில் சான்றோர், பண்பில் உயர்ந்தோர் என்னும் பொருளுடையது. ஐரோப்பிய மெட்டல் ரசிகர்க்கு அது நாஜி இனவெறியைச் சார்ந்த சில குழுக்களை நினைவூட்டும். தமிழ்க் கேட்போர்க்கோ ஆரிய-திராவிட அரசியல் வரலாறு முழுவதையும் எழுப்பும். ‘வேதம்’ என்பதும் தமிழில் ஒற்றைப் பொருளில் அடங்கியதன்று. திருவாய்மொழியைத் திராவிட வேதம் எனப் போற்றும் வைணவ மரபும், வேத மறுப்பைக் கொள்கையாகக் கொண்ட இருபதாம் நூற்றாண்டு இயக்கங்களும் அச்சொல்லின் மீது எதிரெதிர்ப் பொருள்களை ஏற்றியுள்ளன. ஒலியைச் சுட்டும் பெயர் நாடு கடந்தாலும் பெரிதும் மாறுவதில்லை. பொருளைச் சுட்டும் பெயரோ ஒவ்வொரு துறைமுகத்திலும் புதுச்சுமை ஏற்றிக்கொள்கிறது.

4. பரணி தரும் விளக்கம்

கொலையும் குருதியும் பாடும் வடிவம் ஒன்றில் வேதாந்தம் பாடுவது புதுமை எனத் தோன்றலாம். தமிழ்ச் சிற்றிலக்கிய வரலாற்றில் இதற்கு முன்மாதிரி உண்டு. அது பரணி.

இன்று கிடைப்பனவற்றுள் காலத்தால் முற்பட்ட பரணியான செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி, முதற் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைப் பாடுகிறது. பாலைநிலம், காளிகோயில், பேய்கள், போர்க்களம், களத்தில் பேய்கள் கூழடுதல் என அதன் உறுப்புகள் அச்சத்தையும் அருவருப்பையும் நகையையும் கலந்து எழுப்புவன. டெத் மெட்டலின் பாடுபொருளோடும் அட்டைப்படங்களோடும் இவை உணர்வுத்தளத்தில் ஒத்திருப்பதை அறிந்தோர் மறுக்கார். இவ்விரண்டுக்கும் இடையே வரலாற்றுத் தொடர்பு உண்டென்பது இக்கட்டுரையின் கருத்தன்று. வகைமை இயங்கும் முறையில் உள்ள ஒப்புமையே இங்குச் சுட்டப்படுகிறது.

போரில் ஆயிரம் யானைகளை வென்ற வீரனே பரணித் தலைவன் ஆவான் என்பது இலக்கண விளக்கப் பாட்டியல் கூறும் விதி. ஆனால் ஒட்டக்கூத்தரின் தக்கயாகப்பரணி தக்கனின் வேள்வியை வீரபத்திரர் அழித்ததைப் பாடிற்று. யானைப்போர் அங்கே அடிப்படையன்று. பின்னர்த் தத்துவராயர் அஞ்ஞவதைப் பரணி, மோகவதைப் பரணி என இரண்டைப் பாடினார். அங்கே பகை அஞ்ஞானமும் மோகமும். வெற்றி ஞானத்தின் வெற்றி. விதியின்படி தலைவனும் இல்லை, களிறும் இல்லை. எனினும் இந்நூல்களைப் பரணி அன்று எனத் தமிழ்ப் புலமை உலகு விலக்கவில்லை. காரணம் அவற்றின் பெயரமைப்பிலேயே உள்ளது.

பரணி நூல்கள் தோற்றவர் பெயரால் பெயர் பெறுவன. கலிங்கம் தோற்றது, கலிங்கத்துப்பரணி. தக்கன் வேள்வி அழிந்தது, தக்கயாகப்பரணி. அஞ்ஞானம் அழிந்தது, அஞ்ஞவதைப் பரணி. அடை எத்துணை மாறினும் தலைச்சொல் ‘பரணி’ என நிலைத்து, வடிவத்திற்கு உறுதி தருகிறது. புதிய பொருளைக் கொணர்ந்த தத்துவராயர், பழைய வடிவத்தின் பெயரைக் கைவிடவில்லை. ‘இது என்ன பொருள்’ என்பதற்கு அடையும், ‘இது என்ன வடிவம்’ என்பதற்குத் தலைச்சொல்லும் விடை தருகின்றன.

ருத்ராவின் 2016ஆம் ஆண்டுத் தொகுப்பின் தலைப்பு ‘இருமையின் பகை’ எனப் பொருள்படுவது. அத்வைதம் வெல்ல விரும்பும் துவைத உணர்வே அங்குப் பகைப்புலம். அழிக்கப்பட வேண்டியதன் பெயரைத் தலைப்பில் ஏற்றும் பரணி மரபோடு இது தானாகவே ஒத்தமைகிறது. ஆனால் வகைமைப் பெயரில் இவ்வொப்புமை நிற்கவில்லை. அஞ்ஞவதைப் பரணி தன் வடிவப் பெயரைக் காத்தது; ‘வேத மெட்டல்’ அதனை நெகிழவிட்டது. ரசிகர் வாதம் அந்நெகிழ்ச்சியிலேயே வேர்கொள்கிறது.

இதனால் ‘வேத மெட்டல்’ பிழைப்பெயர் ஆகிவிடாது. சிற்றிலக்கியங்களில் அந்தாதி தொடையாலும், சதகம் எண்ணாலும், உலாவும் தூதும் பொருளாலும் பெயர் பெற்றவை. இவை ஒரே பட்டியலில் அருகருகே நிற்பினும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. தூதின் பொருளை அந்தாதித் தொடையில் பாடத் தடையில்லை. பட்டியலில் ஒன்றாக எண்ணப்படுவன அனைத்தும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டன அல்ல என்பதைப் பாட்டியல் பயின்றோர் அறிவர். மெட்டல் உட்பிரிவுப் பட்டியலும் அவ்வாறே படிக்கப்பட வேண்டும்.

5. பெயரும் அதிகாரமும்

வகைமைப் பெயர் சமூகத் தரவரிசையைச் சுமப்பதும் உண்டு. பாட்டியல் நூல்கள் நால்வகைப் பாக்களை நால்வருணத்தோடு பொருத்தின. கலம்பகத்திற்குத் தேவர்க்கு 100, அந்தணர்க்கு 95, அரசர்க்கு 90, அமைச்சர்க்கு 70, வணிகர்க்கு 50, வேளாளர்க்கு 30 எனப் பாடல் எண்ணிக்கை வகுக்கப்பட்டது. வடிவத்தின் இலக்கணம் என்னும் பெயரில் பாடப்படுவோரின் தகுதியும் அங்கே அளக்கப்பட்டது.

தற்காலத்தில் இவ்வதிகாரம் அரசின் உரிமத்தின் வழியாகவும் இயங்குகிறது. ஸ்வீடன் நாட்டுப் பிளாக் மெட்டல் குழுவான வாட்டெயின் 2019 மார்ச் 7 அன்று சிங்கப்பூரில் நிகழ்ச்சி நடத்தவிருந்தது. தகவல், தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் 18 வயது நிரம்பியோர்க்கு மட்டும் என்னும் வரையறையுடனும், சமயக் குறிப்புகளையும் குறியீடுகளையும் மேடையில் தவிர்க்க வேண்டும் என்னும் நிபந்தனையுடனும் முதலில் இசைவளித்தது. நிகழ்ச்சியைத் தடைசெய்யக் கோரும் விண்ணப்பத்தில் 15,000க்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். உள்துறை அமைச்சின் கவலையை அடுத்து, நிகழ்ச்சி நாளன்றே இசைவு விலக்கிக்கொள்ளப்பட்டது. 2019 ஏப்ரல் 1 அன்று அமைச்சர் கா. சண்முகம் நாடாளுமன்றத்தில் வெறுப்புப் பேச்சுக் குறித்து ஆற்றிய உரையிலும் இந்நிகழ்வு இடம்பெற்றது.

ஒலி, காட்சி, சொல் என்னும் பாகுபாட்டின்படி நோக்கின், முதல் இசைவு காட்சியையும் சொல்லையும் நீக்கி ஒலியை மட்டும் அனுமதிக்க முயன்றது எனலாம். பிளாக் மெட்டலைப் பொறுத்தவரை அவை பிரிக்கத்தக்கனவா என்பதே வினா. ஆதரிப்போர் சமய மறுப்புச் சொற்களை வகைமையின் மரபு என்பர். எதிர்ப்போர் அவற்றை நேர்ப்பொருளில் கூறப்பட்ட கூற்று என்பர். பேய்கள் பிணக்கூழ் உண்பதைப் பரணியில் மரபு என நாம் எளிதில் ஏற்கிறோம். அம்மரபு நமக்கு உட்பட்டது, காலத்தால் தணிந்தது. 1990களின் தொடக்கத்தில் நார்வேயில் தேவாலயங்கள் எரிக்கப்பட்ட வரலாறு பிளாக் மெட்டலுக்கு உண்டு. அந்நிலையில் ‘மரபே’ என்னும் விடை மட்டும் புறத்தாரை நிறைவுசெய்யாது. ஆயின் ஓர் உட்பிரிவின் மீதான ஐயம் மெட்டல் இசை முழுமையின் மீதும் படராதிருக்க, உட்பிரிவுகளைச் சரியாக வேறுபடுத்தும் அறிவே துணையாகும். ரசிகரின் நுண்பெயர் வாதம் இவ்விடத்தில் பொழுதுபோக்கு என்னும் நிலையைக் கடக்கிறது.

பெயரின் அதிகாரத்தைத் தமிழகத்தில் மிகத் தெளிவாக உணர்த்துவது பறை. ஒரே கருவியும் ஆட்டமும் ‘தப்பு’, ‘தப்பாட்டம்’ எனவும், ‘பறை’, ‘பறையாட்டம்’ எனவும், இழிவுக் குறிப்போடு ‘சாவு மேளம்’ எனவும் வழங்கின. பிழை என்னும் பொருளும் உடைய ‘தப்பு’ என்னும் சொல்லைத் தவிர்த்து, சொல்லுதல் என்னும் பொருளுடைய ‘பறை’யையே கலைஞரும் இயக்கத்தாரும் முன்னிறுத்தினர். சாவு வீட்டுக்கு மட்டுமே உரியது எனச் சாதியக் கட்டாயத்தால் ஒதுக்கப்பட்ட இசை, கலைமேடைக்கும் கல்விக்கூடத்திற்கும் வந்தபோது, அதன் பெயர் பற்றிய வாதம் மதிப்புரிமை பற்றிய வாதமாயிற்று. மதுரை மாவட்டம் அலங்காநல்லூரைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது இந்நெடுவழியின் ஒரு மைல்கல். பிறர் இட்ட பெயரை மறுத்துத் தாம் விரும்பும் பெயரை நிலைநாட்டுவது, நிகழ்த்துவோர் தம் கலைமீது கொள்ளும் முதல் உரிமை.

6. தமிழாக்கச் சிக்கல்

இவ்வரலாறு மெட்டல் உட்பிரிவுப் பெயர்களைத் தமிழாக்கும் முயற்சிக்கும் எச்சரிக்கையாகிறது. ‘டெத் மெட்டல்’ என்பதைச் ‘சாவு உலோக இசை’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பின், ஆங்கிலத்தில் வடிவப் பெயராக நிற்பது தமிழில் ‘சாவு மேள’த்தின் அருகே சென்று நிற்கும். மூலப்பெயரில் இல்லாத சாதியச் சுமை அதன்மேல் ஏறும். ‘பிளாக் மெட்டல்’ என்பதைக் ‘கருப்பு உலோக இசை’ எனின், கருமைக்குத் தமிழ் அரசியலிலும் நாட்டார் தெய்வ வழிபாட்டிலும் உள்ள உயர்பொருள்கள் வந்து கலக்கும். ஆகுபெயராயும் இடுகுறிபோலவும் நிலைபெற்ற இப்பெயர்களை ஒலிபெயர்ப்பாகவே ஆள்வது தகும். ‘ஃபோக் மெட்டல்’ போன்று காரணம் இன்றும் விளங்கி நிற்கும் பெயர்களை ‘நாட்டார் மெட்டல்’ என அடையளவில் மொழிபெயர்க்கலாம். காரணம் உயிருடன் இருப்பின் பெயர்த்தல், மறைந்திருப்பின் ஒலிபெயர்த்தல் என்னும் நெறி கலைச்சொல்லாக்கத்தின் பிற துறைகளுக்கும் பயன்படக்கூடும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிபுகள் வருமாறு:

1. மெட்டல் உட்பிரிவுப் பெயர்கள் ஒலி, குறிப்பு, பண்பு, பொருள், இடம், ஆகுபெயர் எனப் பல அடிப்படைகளில் எழுந்தவை. அவற்றை ஒரே அளவுகோலால் அமைந்த பட்டியலாகக் கொள்வதே ரசிகர் வாதம் முடிவுறாமைக்குக் காரணம். 

2. ‘வேத மெட்டல்’ ஒலிவகைமை அன்று, பொருள்வகைமை. ஒலியைச் சுட்டும் சொல் நீங்கியதால் அது வாதத்திற்கு இடந்தந்தது.

3. கொடுமை பாடும் வடிவத்தில் மெய்யியல் பாடும் முயற்சிக்குத் தத்துவராயரின் பரணிகள் தமிழ் முன்மாதிரிகள். வடிவப் பெயரைக் காத்துப் பொருளடையை மாற்றும் அவற்றின் பெயரமைப்பு, வகைமை மாற்றத்தைப் பூசலின்றி ஏற்கும் வழியைக் காட்டுகிறது.

4. வகைமைப் பெயர் உரிமம், தடை, சாதி மதிப்பு ஆகியவற்றோடு பிணைந்தது. ஆதலின் பெயரை யார் இடுகின்றனர் என்பது பெயர் யாது என்பதற்கு இணையான ஆய்வுப்பொருள்.

5. தமிழாக்கத்தில் பெயர்க்காரணத்தின் உயிர்ப்பை நோக்கியே மொழிபெயர்ப்பா, ஒலிபெயர்ப்பா என்பதை முடிவுசெய்தல் வேண்டும்.

பாட்டியல் நூல்கள் ஏட்டில் உறங்கும் விதித்தொகுப்புகள் என்னும் கருத்துப் பரவலாக உள்ளது. வடிவத்திற்கும் பொருளுக்கும் பெயருக்கும் இடையிலான உறவைப் பல நூற்றாண்டுகள் சிந்தித்த அம்மரபு, இன்றைய நிகழ்த்து இசைகளை ஆராயவும் கருவி தரவல்லது. கானா, தமிழ் ராப், மெல்லிசைக் கச்சேரி, மேள வகைகள் ஆகியவற்றின் பெயர் வழக்குகளை இந்நோக்கில் தனித்தனியே ஆராய இடமுண்டு.